ரியாக்டர் கட்டடத்துக்குள் போய்ச் சுத்தமாக வெளியே வர

இந்திய அணுமின் கழகத்தின் கனநீர் உலைகளில் (கன ஹைட்ரஜன் கொண்ட நீரைப் பயன்படுத்தும் அணு உலைகள்) பராமரிப்புக்காக உலையை நிறுத்தும் ஷட்டவுன் வந்தால் வெல்டர், ஃபிட்டர், சாரம் கட்டுபவர், இன்சுலேஷன் ஆட்கள் என்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர் ரியாக்டர் கட்டடத்துக்குள் போக வேண்டிவரும். முதல்முறை போகிறவர்களின் பயமெல்லாம் உள்ளே இருக்கும் நேரத்தைப் பற்றித்தான். அந்த நேரத்தை டோஸ், அதாவது உடம்பில் ஏறும் கதிர்வீச்சின் அளவு, கணக்குப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். கோளாறு பெரும்பாலும் வெளியே வரும்போதுதான், அதுவும் உடுப்பைக் கழற்றும் ஐந்து நிமிடத்தில்.

காவல்துறை சரிபார்ப்பு முடியாமல் கேட் பாஸ் கிடையாது. அதில் நாள் இழுக்கும் என்பதால் முதலில் அதைத் தொடங்குங்கள். அடுத்து மருத்துவப் பரிசோதனை, கதிரியக்கப் பாதுகாப்பு வகுப்பு, உடம்புக்குள் இருக்கும் கதிரியக்கத்தை அளக்கும் முழு உடல் கவுண்டிங். வேலைக்கு முன் உடம்பில் என்ன இருந்தது என்று பதிவாகியிருந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். அண்மையில் ஆஸ்பத்திரியில் எலும்பு ஸ்கேனோ தைராய்டு ஸ்கேனோ எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஸ்கேனுக்குத் தந்த கதிரியக்க மருந்தே கவுண்டரில் காட்டும். இந்த ஸ்கேன்களில் பயன்படும் டெக்னீசியம் 6 மணி நேரத்தில் பாதியாகும். அயோடின்-131 பாதியாக 8 நாள் பிடிக்கும்.

பிறகு டிஎல்டி, உடம்பில் படும் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் பேட்ஜ். சின்ன அட்டைபோல் இருக்கும். உள்ளே அலுமினியத் தகட்டில் மூன்று வட்டத் தட்டுகள். ஒன்றின் மேல் உலோக வடிகட்டி, இன்னொன்றின் மேல் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. மூன்றும் காட்டும் அளவை ஒப்பிட்டுத்தான் எந்த வகைக் கதிர் என்று பிரிக்கிறார்கள். அதனால் திருப்பி மாட்டினால் கணக்கே பிசகும். முகப்பு வெளியே பார்க்க, நெஞ்சில் மாட்டுங்கள். வேலை முடிந்ததும் ரேக்கில் வைத்துவிட்டுப் போங்கள். பாக்கெட்டிலேயே வீட்டுக்குப் போய்த் துவைக்கும் துணியோடு ஊறிய அட்டைகள் உண்டு. அந்த மாதத்து டோஸை வேறு பதிவுகளிலிருந்து ஊகித்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.

டிஎல்டி உடனே எண் சொல்லாது. உள்ளே நின்று பார்க்க டோசிமீட்டர் தனியாகத் தருவார்கள். பழைய ஆட்கள் இன்னும் எம்ரெம் (மில்லிரெம்) என்ற பழைய அலகில்தான் பேசுவார்கள். 100 எம்ரெம் என்றால் இன்றைய அலகில் 1 மில்லிசீவர்ட். தொழிலாளிக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. வேலை பெர்மிட்டில் அந்த இடத்தின் டோஸ் அளவு எழுதியிருக்கும். மணிக்கு 2 மில்லிசீவர்ட் என்றால் கால்மணி நேரத்தில் 0.5 ஏறும். ஸ்பேனர் மறந்து திரும்பிப் போவதும், சாரத்தின் மேல் நின்று அளவு பார்ப்பதும் இதில்தான் சேரும். கருவிகளை வெளியிலேயே எண்ணி வையுங்கள். ஆள் மாற்றும்போது, காத்திருப்பவர் குழாய் ஓரத்தில் நிற்காமல் டோஸ் குறைந்த மூலையில் நிற்கட்டும்.

கனநீர் உலைகளுக்கே உரிய தலைவலி டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன். கனநீரிலுள்ள டியூட்டிரியம் (கன ஹைட்ரஜன்) நியூட்ரானை வாங்கி டிரிடியமாகிறது. கசிவு இருந்தால் ஈரப்பதமாகக் காற்றில் கலந்துவிடும். தூசி மாஸ்க் இதைத் தடுக்காது. மூச்சில் மட்டுமல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகும். அதனால்தான் காற்றுக்குழாய் இணைத்த பிளாஸ்டிக் உடை. புழுக்கம் தாங்காமல் ஜிப்பைத் திறந்தால் போட்டதே வீண். கூடங்குளத்தில் சாதாரண நீரே குளிர்விப்பதால் இந்தத் தொல்லை குறைவு. கல்பாக்கத்தில் பழகியவர்களுக்கு அங்கே போனால் வித்தியாசம் தெரியும்.

டிரிடியம் ஏறியதா என்று சிறுநீரில்தான் பார்க்கிறார்கள். உடம்பின் நீரோடு சீராகக் கலக்க சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். எனவே வெளியே வந்ததும் ஒருமுறை சிறுநீர் கழித்துவிட்டு, அந்த இடைவெளிக்குப் பிறகு மாதிரி கொடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பாட்டிலைத் தொடுங்கள். கையிலிருந்த ஈரம் பட்டால் இல்லாத டோஸ் கணக்கில் ஏறும். ஏறியிருந்தால் சுமார் பத்து நாளில் பாதியாகும். தண்ணீர், மோர் என்று நிறையக் குடித்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

இனி கழற்றுவது. நிலையத்துக்கு நிலையம் வரிசை சற்று மாறும், சுவரில் எழுதியிருப்பதே சரி. அடிப்படை ஒன்றுதான்: கதிரியக்க அழுக்கு ஒட்டிய வெளிப்பக்கத்தை வெறுங்கை தொடக் கூடாது. வெளி ரப்பர் கையுறை முதலில். பிறகு பாய்லர் சூட் என்ற முழு உடுப்பைத் தோளிலிருந்து உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிச் சுருட்டி இறக்குங்கள், உதறாதீர்கள். உதறினால் தூசி எழும், அதனால் மாஸ்க் அதுவரை முகத்தில் இருக்கட்டும். தடுப்புக்கோட்டருகே ஒரு கால் உறையைக் கழற்றி அந்தக் காலைச் சுத்தமான பக்கம் வையுங்கள், பிறகு மற்றது. உள் பருத்திக் கையுறை கடைசி. அவசரத்தில் உள் கையுறையை முன்னதாகக் கழற்றிவிட்டு மாஸ்க் வாரைப் பிடிப்பவர்களுக்குத்தான் விரல் நுனியிலும் கன்னத்திலும் அந்த அழுக்கு பிடிபடும்.

வெளியே வரும்போது கதிரியக்க அழுக்கைப் பார்க்கும் மானிட்டர் அலறினால் பதறாதீர்கள், ஓடவும் வேண்டாம். ஹெல்த் பிசிக்ஸ் (கதிரியக்கப் பாதுகாப்புப் பிரிவு) ஆள் வந்து எந்த இடம் என்று பார்க்கட்டும். தோலில் என்றால் வெதுவெதுப்பான நீரும் சோப்பும் போதும். தேய்த்துத் தோலைப் புண்ணாக்கினால் உள்ளே போக வழி திறந்ததுபோல் ஆகிவிடும். காற்றில் இயற்கையாக இருக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து வரும் துகள்கள் பாலியஸ்டர் சட்டையில் ஒட்டியும் அலறும். அவை அரை மணிக்குள் பாதியாகிவிடுவதால், காத்திருந்து மறுபடி அளந்தால் இறங்கியிருக்கும். இறங்காவிட்டால் அது வேலையிடத்து அழுக்கு.

ஒப்பந்தம் முடிந்து கிளம்பும் நாளில் டிஎல்டியை ஒப்படைத்து, கடைசி சிறுநீர் மாதிரியும் முழு உடல் கவுண்டிங்கும் முடித்து, அதுவரை சேர்ந்த டோஸைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஷட்டவுனுக்கு வேறு நிலையம் போனால் முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.