விழுந்த வீடா, விழவைத்த வீடா?

“இது விழுந்த வீட்டு மரமா, விழவச்ச வீட்டு மரமா தம்பி?” என்று ஆசாரி கேட்டார். ரம்பத்தின் பல் போய்விடக் கூடாதே என்று, நாங்கள் ஒரு கட்டடத்துக்காக வாங்கிய பழைய கதவு நிலையில் ஆணி தேடித் தடவிக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே கேட்டார். “பங்காளிங்களே பிரிச்சு வித்தது. எப்படியும் இடிஞ்சுதான் போயிருக்கும்” என்றேன். சரி என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான்தான் அந்தப் பதிலை இன்னும் விடவில்லை.

சொன்னதில் பொய் இல்லை. செட்டிநாட்டில் ஒரு வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்கு, பங்கு. ஓடு மாற்றக்கூட எல்லோரும் ஒத்துவர மாட்டார்கள். ஒழுகி ஒழுகி உத்தரம் மட்கிப் போவதைவிட, அந்த பர்மா தேக்கு வேறொரு கட்டடத்தில் இருந்துவிட்டுப் போகட்டுமே. மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, புதுத் தேக்கு கேட்டால் மரவாடியில் கானாவையும் ஈக்வடாரையும்தான் காட்டுகிறார்கள். பல கடல் தாண்டி வருகிற தோட்டத்து மரம். சீக்கிரம் வளர்த்து வெட்டுவதால் வெளிப்பக்கத்து வெள்ளை மரம் அதிகம், உள்ளே இருக்கும் வைரம் குறைவு. இந்த நிலையிலோ இழைப்புளி ஒருமுறை ஓடியதும் கறுப்புக்கு அடியில் தேன் நிறம் வந்தது. தேக்கெண்ணெய் வாசனை அப்படியே இருந்தது. மேல்சட்டத்தில் மாவிலைத் தோரணம் கட்டிய சின்ன ஆணிகள், அவற்றைச் சுற்றி மஞ்சள் கறை. ஆசாரி அவற்றைக் கடைசியாகத்தான் பிடுங்கினார்.

உறுத்துவது வேறு. காரைக்குடி வியாபாரி முதலில் அனுப்பிய படத்தில் அந்த நிலை சுவரோடு நின்றது. கதவு பூட்டியிருந்தது. அட்வான்ஸ் போட்டால் இறக்கிவிடலாம் என்றார். போடச் சொன்னேன். நாங்கள் போடாவிட்டால் வேறு யாராவது போட்டிருப்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் போட்டது நாங்கள்.

அந்தக் கட்டடத்துக்கு லீட் என்ற பசுமைக் கட்டடச் சான்று கேட்டிருந்தோம். அதன் 2009 விதியில், பொருட்களுக்கான மொத்த மதிப்பில் 5 சதவீதம் மறுபயன்பாடு என்றால் ஒரு புள்ளி, 10 சதவீதம் என்றால் இரண்டு. எங்கே வாங்கினோம், என்ன மதிப்பு என்று எழுதிக் கொடுத்தோம். விலை பேசியபோது வீடு நின்றதா என்று எழுத அதில் இடம் இல்லை.

அப்புறம் எனக்குப் பட்டது இதுதான். பழைய பஞ்சாலைக் கிடங்கின் கூரைச் சட்டத்துக்காக யாரும் கிடங்கை இடிப்பதில்லை. நிலத்தின் விலைதான் அதை இடிக்கிறது. அந்தச் சட்டத்தை எடுத்து இழைத்துப் போட்டால் மனசாட்சிக்கு வேலையில்லை. சித்திர வேலை செய்த நிலையும் தூணும் அப்படியல்ல. அவற்றுக்குக் கிடைக்கும் விலையே, விற்கலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருக்கும் பங்காளிகளை முடிவெடுக்க வைத்துவிடும். இதை அடித்துச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. நான் வாங்கிய அந்த ஒரு வீட்டின் விஷயத்திலேயே எது முந்தி, எது பிந்தி என்று எனக்கு உறுதியாகத் தெரியாது.

இப்போதெல்லாம் வீடு எப்போது இடிந்தது என்று எழுத்தில் கேட்கிறேன். வியாபாரிகள் கேட்ட தேதியைப் போட்டுத் தருகிறார்கள். அந்தத் தாளை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்தும் கேட்பதை விடவில்லை.

போன வாரம் ஒரு வாடிக்கையாளர் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, தன் வரவேற்பறைக்கும் அதேபோல ஒரு நிலை வேண்டும் என்றார். கிடங்குச் சட்டத்தில் புதிதாகச் செய்து தருகிறோம் என்றேன். பழசுதான் வேண்டும் என்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.