விறாந்தையில் பூத்த அந்தூரியம்

"உது கண்டிக் குளிருக்குத்தான் சரி, கிளிநொச்சி வெயிலுக்கு நிக்காது" என்று சின்னம்மா அடித்துச் சொன்னா. கச்சான் காற்று புழுதியோடு வீசுகிற இந்த ஆடியில் எங்கள் அந்தூரியம் பூத்திருக்கிறது!

சாடியில் மண்ணே இல்லை. தேங்காய்ப் பொச்சும் கரித்துண்டும் செங்கல் உடைசலும்தான்; வேருக்குக் காற்றோட்டம் வேண்டும். நேர்வெயில் படாத விறாந்தை மூலையில் வைத்து, இலைகளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பேன். கிணற்று நீரின் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும், அதை ஈரத்துணியால் துடைத்துவிடுவேன்.

சிவப்பாய் மினுங்குவது இதழ் இல்லை, மடல். நடுவில் நிற்கும் மஞ்சள் கதிரில் ஊசிமுனைப் புள்ளிகளாய் நெருங்கியிருப்பவைதான் பூக்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அவ்வளவு ஒழுங்கு, அவ்வளவு அழகு! வாரக்கணக்கில் வாடாது என்பது இன்னொரு சந்தோஷம்.

இப்போது சின்னம்மாவுக்கும் ஒரு பக்கக்கன்று வேண்டுமாம். சரி, பொச்சு ஊறப்போட்டாயிற்று.