வார்த்தே, லுவெகே, லோசே, லௌஃபே

இன்று மகள் முதன்முறையாகப் பாலர் பள்ளிக்குத் தனியாக நடந்து போய்வந்தாள். வயது 5. சூரிச் புறநகரில் எங்கள் வீட்டிலிருந்து 8 நிமிட நடை. நடுவில் மஞ்சள் கோடு போட்ட ஒரு பாதசாரிக் கடவை. அந்தக் கடவைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

சுவிட்சர்லாந்தில் இது வழமை. கழுத்தில் ஒளி தெறிக்கும் பட்டியை மாட்டிக்கொண்டு சின்னஞ்சிறுசுகள் கூட்டமாகப் போவார்கள். பொலிஸாரே வகுப்புக்கு வந்து வீதியைக் கடக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 'வார்த்தே, லுவெகே, லோசே, லௌஃபே.' நில், பார், கேள், நட. காரோட்டி கை காட்டினாலும் போகக்கூடாது. சக்கரம் முழுதாக நின்ற பிறகுதான் கால் எடுத்து வைக்க வேண்டும். எவ்வளவு நல்ல பாடம்!

நேற்று வரை அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா, நீங்கள் வந்தால் நான் எப்படிப் பழகுவது?"

பதில் சொல்ல முடியவில்லை. இன்று காலை ஒன்பது மணிச் சிற்றுண்டிக்கு அப்பிளும் கரட்டும் நறுக்கி டப்பாவில் வைத்தேன், வாசலில் நின்று கையசைத்தேன். திருப்பத்தில் அவள் மறைந்த பிறகும் கதவைச் சாத்த மனம் வரவில்லை.

மாலையில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அழைத்தார். "பிள்ளையைத் தனியாகவா விட்டாய்?" என்று பதறினார். மகள் தொலைபேசியை வாங்கி, "அம்மம்மா, நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்று அந்த நான்கு சொற்களையும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தாள். மூன்றாம் முறை அம்மா சரியாகச் சொன்னபோது, இங்கே இவள் கைதட்டினாள்.