சேத்துப்பட்டில் கிடைத்த விடை

காசநோய் என்றாலே சானடோரியம், அதாவது நோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் மருத்துவமனை, என்றிருந்த காலம். 1956-இல் உலக சுகாதார அமைப்பு, பிரிட்டிஷ் மற்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகங்கள், மதராஸ் அரசு எல்லாம் சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் ஒரு சிகிச்சை மையம் தொடங்கின. வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் குணமாகுமா என்பதுதான் கேள்வி. நோயாளிகளில் ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி நெரிசலான சொந்த வீட்டில். இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட், பாஸ் (PAS) என்ற அதே இரண்டு காசநோய் மருந்துகள், ஓராண்டு.

வீட்டிலிருந்தவர்கள் வாராவாரம் வந்து மருந்து வாங்கினார்கள். ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கே போய் மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இந்தக் கண்காணிப்புதான் உயிர்நாடி என்பேன். இருமல் நின்றதும் மருந்தை விட்டால், மிஞ்சும் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக்கூடும்.

1959-இல் முடிவு வெளியானது. ஓய்வும் நல்ல சாப்பாடும் சானடோரியத்தில்தான் அதிகம். ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்களின் தேவை குறைய இந்த ஆய்வு பெரிய காரணம்.