மூன்றாவது குதி

விமான விபத்து என்று சொன்னாலே ஆட்கள் தீயும் புகையுமாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். எனக்கு ஓர் இரவு தரையிறங்கும்போது நடந்தது மொத்தமே பத்துப் பதினைந்து வினாடிதான். ஒற்றை எஞ்சின் குட்டி விமானம், நானும் நண்பனும், இருவருக்கும் கீறல்கூட இல்லை.

இறங்கி வந்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. ஓடுபாதையின் இடப்பக்கம், இறங்கும் சரிவு சரியா என்று நிறத்தால் காட்டும் பாபி (PAPI) விளக்குகள் கடைசிவரை இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பாகவே நின்றன, அதாவது சரியாக 3 டிகிரி சரிவு. முன்னால் ஒரு வெளிச்சமும் இல்லாத கரும்பரப்பு என்றால் நாம் அதிக உயரத்தில் இருப்பதாகக் கண் ஏமாற்றும், அதை நம்பித் தாழப் பறந்து ஓடுபாதைக்கு முன்னாலேயே மோதியவர்கள் உண்டு. என் பயமெல்லாம் அதில்தான். ஆனால் பாபி வாசல்வரைதான் கொண்டுவந்து விடும், கடைசிச் சில அடிகள் நம் கண்பாடு.

நான் பழகிய ஓடுபாதை குறுகலானது, இது நல்ல அகலம். ஓர விளக்குகள் இரண்டு பக்கமும் அகன்று விரிந்ததும் தரை வந்துவிட்டது என்றே தோன்றியது. பகலென்றால் புல், டயர் தடம், தாரின் சொரசொரப்பு எல்லாம் உயரம் சொல்லும், இருட்டில் லேண்டிங் லைட் காட்டும் ஒரு துண்டுத் தரைதான். தரை தொடும் நேரத்தில் தூக்க வேண்டிய மூக்கை, நிறைய உயரம் இருக்கும்போதே தூக்கிவிட்டேன். வேகம் குறைந்தது, இறக்கை தூக்குவிசையை இழக்கப்போகிறது என்று எச்சரிக்கும் ஸ்டால் ஹாரன் கத்தியது, தொப்பென்று விழுந்து எகிறினோம்.

அதுவரை அது வெறும் மோசமான தரையிறக்கம்தான். அப்போதே எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி மேலே போயிருக்க வேண்டும். நானோ மூக்கை அமுக்கினேன். முன்சக்கரம் முதலில் அடித்தது, முன்னைவிட உயரமாக எகிறியது, மறுபடி அமுக்கினேன். மூன்றாவது குதியில் முன்சக்கரத்தின் கால் மடங்கி, ப்ரொப்பெல்லர் தாரைப் பிறாண்டியபடி நின்றது. எரிபொருளை மூடி, மாஸ்டர் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கி ஓடினோம்.

ப்ரொப்பெல்லர் தகடுகளின் நுனிகள் பின்பக்கமாக வளைந்திருந்தன (எஞ்சின் முழுவேகத்தில் இருந்தால் முன்பக்கம் வளையுமாம்). இப்படி அடிபட்டால் வெளியே பழுது எதுவும் தெரியாவிட்டாலும் எஞ்சினைப் பிரித்து, ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். செலவைப் பற்றிப் பேச வேண்டாம்.

நண்பனுக்கும் லைசென்ஸ் உண்டு. “முதல் தடவை எகிறினப்பவே நீ மேலே போயிடுவேன்னு நினைச்சேன்” என்றான்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“உனக்குத் தெரியும்னு இருந்துட்டேன்.”