நடுகல் எடுக்கப் போய் பிரிசம் தேடி அலைந்த கதை

என் கேமரா மாமியா எம்645 1000எஸ், 1970களில் வந்த ஃபிலிம் கேமரா மாடல். பழையதாகத்தான் வாங்கினேன். கூட வந்தது மேலிருந்து குனிந்து பார்க்கிற வேஸ்ட் லெவல் ஃபைண்டரும் 80 எம்எம் எஃப்2.8 லென்ஸும். எங்கள் தருமபுரிப் பக்கத்து நடுகற்களை, அதாவது இறந்த வீரனுக்கு அவன் உருவம் செதுக்கி நட்ட கற்களை, ஃபிலிமில் எடுக்கணும் என்பதுதான் ஆசை. இங்கே வேடியப்பன் கோயில் என்று கும்பிடுகிற பல இடங்களில் சாமியாக நிற்பது ஒரு நடுகல்தான்.

அரூர் பக்கம் போன முதல் நாளே சிக்கல். நடுகல் நின்றுகொண்டிருக்கும், இந்தக் கேமராவின் 645 ஃபிரேமோ (6 x 4.5 செ.மீ.) படுத்திருக்கும். கேமராவைச் சாய்த்தால் ஃபைண்டர் ஒரு பக்கமாக நீட்டிக்கொள்ளும், பக்கவாட்டில் போய் எட்டிப் பார்த்தால் படம் தலைகீழ். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் தானும் எட்டிப் பார்த்துவிட்டு "அண்ணா, சாமி தலைகீழா நிக்குது" என்று சிரித்தான். சரி, படுக்கையாகவே எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று ஒரு ரோலை முடித்தேன். 15 படத்திலும் நடுவில் கல், இரண்டு பக்கமும் புதர். பாதி நெகட்டிவை வெட்டி எறியவா 120 என்கிற அகல ஃபிலிம் வாங்கினேன்?

அதனால் வேறு லென்ஸ் வாங்குகிற ஆசையை ஓரம்கட்டிவிட்டு முதலில் பிரிசம் தேடினேன். கண்ணில் வைத்து நேராகப் பார்க்கிற ஃபைண்டர் அது, கேமராவைச் சாய்த்தாலும் படம் தலைகீழாகாது. வெளிச்சம் அளக்கிற மீட்டர் உள்ளது, இல்லாதது இரண்டும் கிடைக்கும். இத்தனை வருடம் கழித்து அந்த மீட்டரை நம்ப மனசு வரவில்லை, செல்போன் ஆப் போதும் என்று இல்லாததையே ஆர்டர் போட்டேன். 'புதுசு மாதிரி' என்று சொல்லி விற்ற முதல் பிரிசத்தில் உள்பூச்சு உரிந்து, சரியாக வீரன் முகம் வருகிற இடத்தில் கறுப்பாகத் தேமல். படத்தில் விழாதுதான், ஆனால் ஃபோகஸ் பார்க்க முடியவில்லையே. திருப்பி அனுப்பி, சண்டை போட்டு, இன்னொன்று வர மூன்று வாரம்.

அப்புறம் லென்ஸ். அகலமாகப் பிடிக்கிற 55 எம்எம்மை வாங்கி, நின்ற வாக்கில் கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து எடுத்தால் வீரனுக்குத் தலை பெருத்துக் கால் சூம்பிவிட்டது. நண்பரிடம் தூரத்தை இழுக்கிற 150 எம்எம் லென்ஸைக் கடன் வாங்கினேன். ஒரு மீட்டர் உயரக் கல்லை ஃபிரேமில் நிரப்ப அதற்குச் சுமார் மூன்று மீட்டர் பின்னால் போகணும், கல் இருப்பதோ சின்னக் கொட்டகைக்குள், மூன்றாவது எட்டு வைக்கும்போதே முதுகு வேலியில் இடிக்கிறது. போதாக்குறைக்கு அந்த லென்ஸுக்குள்ளே செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. 80க்கு ஒன்றரை மீட்டர் போதும். கூடவே வந்த லென்ஸுக்கே திரும்பி வந்தேன்.

காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது, எண்ணெய் மினுக்குகிற கல்லில் வீரனின் வில்லும் தலைக்கு மேலே இருக்கிற வட்டெழுத்தும் (பழைய தமிழ் எழுத்து) பிரிசத்தில் எழும்பி வந்தது. உச்சி வெயிலில் அதே கல் வெறும் கல்.

வேஸ்ட் லெவலை விற்கவில்லை. மண்ணில் பாதி புதைந்து அகலம் மட்டும் தெரிகிற கற்கள் நிறைய உண்டு. அதற்குப் பிரிசம் போட்டால் தரையில் படுக்கணும், முள் குத்தும். 55ஐ விற்கலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் ஒகேனக்கல் பரிசலில் உட்கார்ந்து இரண்டு பக்கப் பாறையையும் ஒரே ஃபிரேமில் பிடிக்க என்னிடம் வேறு லென்ஸ் இல்லை. இருக்கட்டும்.