ஆட்டுக்கு ரோடு, நாய்க்குப் பாய்: மழலையரோடு ஓர் எதுகை விளையாட்டு

எங்கள் வீட்டில் தையல் விட்டுப் பக்கங்கள் உதிரும் அளவுக்குப் புரட்டப்பட்ட ஒரு படப்புத்தகம் இருக்கிறது. சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய அல்லிக்குளம் வளாகத்தில், பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கியது. (1985-இல் மூர் மார்க்கெட் எரிந்துபோன பிறகு அந்தக் கடைகள் அங்கேதான் வந்து சேர்ந்தன, வடசென்னைக்காரர்கள் இன்றும் அதை மூர் மார்க்கெட் என்றுதான் சொல்கிறோம்.) ஆங்கிலப் புத்தகம்தான். கேட் என்றால் மேட், கோட் என்றால் போட், ஃபாக்ஸ் என்றால் பாக்ஸ் என்று ஒவ்வொரு விலங்கும் தன் பெயரோடு ஒலி ஒத்த ஒரு பொருளோடு படத்தில் நிற்கும். என் மகனுக்கும், தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடிக்கு மாலையில் வந்துவிடும் தெருப் பிள்ளைகளுக்கும் அந்தப் படங்கள் என்றால் உயிர். எழுத்துகளை அவர்கள் பார்ப்பதே இல்லை.

அதையே தமிழில் சொல்லிக் காட்டினால் பூனை பாயில் படுத்திருக்கும், ஆடு படகில் போகும், நரி பெட்டிக்குள் இருக்கும். கதையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் காதுக்கு அதில் வேலையும் இல்லை. ஆகவே நாங்கள் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, விலங்குகளுக்கு இடம் மாற்றத் தொடங்கினோம். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்புறத்தில் விலங்குகளை வரைந்து வெட்டி எடுத்து, "இது யார்? இது எங்கே உட்காரும்?" என்று கேட்பதுதான் விளையாட்டு. பூனையிடமிருந்து பாயைப் பிடுங்கி நாய்க்குக் கொடுத்தார்கள். பூனைக்குப் பானை கிடைத்தது; யானைக்கும் அதே பானைதான் வேண்டும் என்று சண்டை வந்தபோது, இரண்டும் ஒரே பானைக்குள் இறங்கின. ஆட்டுக்குத்தான் யோகம்: ஓடு, கூடு, காடு, வீடு, மேடு, தோடு என்று எத்தனையோ இடம் காத்திருந்தது. ஆனாலும் பிள்ளைகள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது ரோடு. எங்கள் தெருவில் ஆடுகள் எங்கே நிற்கின்றன என்பதைத் தினமும் பார்க்கிறவர்கள் வேறு எதைச் சொல்வார்கள்?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வரியின் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டுக் குழந்தையை நிரப்பச் சொல்லும் பழக்கம் ஆங்கிலப் பாடல்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. தமிழில் அதை அப்படியே செய்தால் குழந்தை காதைத் தீட்டாமலே வென்றுவிடும். "மீன் ஓடுது, பூனை பாயுது, படகு ஆடுது, அலை மோதுது" என்று எந்த வினைச்சொல்லைக் கொண்டுவந்து வைத்தாலும் கடைசியில் 'து' தானாக வந்து நின்றுவிடுகிறது. இயைபு நம் மொழியில் அவ்வளவு மலிவு. அதனால்தான் பெயர்ச்சொற்களையும், கடைசி எழுத்தை விட இரண்டாம் எழுத்தையும் பிடித்துக்கொண்டு விளையாடுவது நல்லது என்று நினைக்கிறேன். முதல் எழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்த இலக்கணம் மூன்று வயதுப் பிள்ளைக்கு மிகச் சரியாகப் பொருந்தும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அளவொத்து நிற்பது என்பதன் பொருளை ஒரு மாலை நேரில் பார்த்தேன். ஒரு கூடையைக் காட்டி, "கூடைக்குக் கூட்டாளி யார்?" என்று கேட்டதற்கு, ஆடை, ஓடை என்று வந்துகொண்டிருந்த வரிசையில் ஒரு சிறுமி "வடை" என்றாள். காசிமேட்டில் மீன் வாங்கி வந்து தெருவில் விற்கும் அவளுடைய ஆயா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "கூ...டை. வாய் நீளுது பாரு. வடைக்கு எங்கடி நீளுது? வடை சின்ன வாயி" என்றார். உடனே எல்லாப் பிள்ளைகளும் வாயைக் குவித்து நீட்டியும், சட்டென்று மூடியும் பார்க்கத் தொடங்கினார்கள். கடை, குடை, சடை, எடை ஆகியவை சின்ன வாய். கூடை, ஆடை, ஓடை, கோடை ஆகியவை நீள வாய். குறில், நெடில் என்ற பெயர்கள் தேவைப்படவே இல்லை. பின்னாளில் 'படம்' எழுத வேண்டிய இடத்தில் 'பாடம்' எழுதும் குழப்பத்துக்கு இந்த வாய்ப்பயிற்சி மருந்தாகும் என்பது என் நம்பிக்கை.

வெறும் நம்பிக்கை மட்டும் அன்று. லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் ஆகிய இருவரும் 1983-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, வாசிக்கத் தொடங்காத நான்கைந்து வயதுப் பிள்ளைகள் ஒலி ஒத்த சொற்களுக்கு நடுவே ஒட்டாத சொல்லைக் கண்டுபிடிக்கும் திறனுக்கும், பிற்பாடு அவர்கள் வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் பெறும் தேர்ச்சிக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. அது ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் செய்யப்பட்டது. இருந்தாலும், அந்த ஆய்வில் வரும் சோதனையையே விளையாட்டாக மாற்றிக்கொள்ளலாம்: "அலை, வலை, நண்டு, தலை. யாரை வெளியே அனுப்பலாம்?" நண்டை வெளியே அனுப்பும்போது எழும் கூச்சல் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

அலையும் வலையும் காசிமேட்டுக்குப் பக்கத்தில் வாழும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய சொற்கள் அல்ல. அலை, வலை, விலை, தலை, இலை என்று அந்தக் குடும்பம் விரிந்துகொண்டே போகும். நண்டுக்கு வண்டு, செண்டு, குண்டு. மத்திக்குக் கத்தி, சுத்தி, புத்தி. ஏலத்துக்குப் பாலம், கோலம், காலம். எல்லோருக்கும் பிடித்த ஜோடி சுறாவும் புறாவும்தான். ஒன்று கடலில், இன்னொன்று எதிர்வீட்டு மாடியில் கூண்டில். சுறாவின் முதுகில் புறாவை உட்காரவைத்து அவர்கள் வரைந்த படம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு சிறுவன் இந்த விளையாட்டில் வாய் திறக்காமலே இருந்தான். அவனுடைய அம்மா ஒருநாள் அல, வல, தல, வெல என்று சொல்லிக் காட்டினார். அலையும் வலையும் தலையும் விலையும் அந்த மொழியிலும் ஒரே குடும்பமாக நிற்பதைக் கேட்டதும் அவன் முன்வரிசைக்கு வந்துவிட்டான்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகும் என்பது ஊரறிந்த செய்தி. ஒரு பிள்ளை பழத்துக்குக் கூட்டாளியாகப் பயத்தைச் சொன்னால், அவள் வாயில் அவை இரண்டும் ஒரே ஒலி. ஆகவே அவள் காது பிசகவில்லை. விளையாட்டுக்கு நடுவில் ழகரப் பாடம் எடுக்கும் பெரியவர்களைக் கண்டால் எனக்குச் சற்று எரிச்சலாகவே இருக்கும். ழகரத்துக்கு வேறொரு நாள் கிடைக்கும். பொருளே இல்லாத சொல்லைச் சொன்னாலும் அப்படித்தான்: 'பூனை, பானை, கூனை' என்றால் கூனை என்ன நிறம், என்ன தின்னும் என்று கேட்டுவிட்டு மேலே போகலாம்.

வெளியே போகும்போது புத்தகமும் அட்டையும் தேவையில்லை. மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டதில் இந்த விளையாட்டுக்கு நல்ல ஆதாயம். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை என்று அறிவிப்பு வர வர, ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு சொல் சொல்ல வேண்டும்: கோட்டை, வேட்டை, சேட்டை, மூட்டை, ஓட்டை. யாராவது சட்டை, முட்டை என்றால் மற்ற பிள்ளைகளே "சின்ன வாய்!" என்று கத்துவார்கள், பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

மோனை விளையாட்டு இதைவிட எளிது என்பதால் அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. பிள்ளையின் பெயருக்கு முன்னால் அதே எழுத்தில் தொடங்கும் ஒரு தின்பண்டத்தைச் சேர்த்துக் கூப்பிட்டாலே போதும். பத்து நிமிடத்துக்கு மேல் எந்த விளையாட்டையும் இழுக்காதீர்கள். பேசாமல் கைதட்டிக்கொண்டு மட்டும் இருக்கும் பிள்ளையைப் பதில் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனமாக இருங்கள். 'படகு' பார்க்க அழகான சொல். ஆனால் அதோடு முழுவதுமாக ஒத்துவரும் சொற்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தவற்றில் கிடைப்பது அரிது. அதற்குப் பதிலாக ஓடத்தை எடுத்துக்கொண்டால் பாடம், கூடம், மாடம், சூடம், வேடம் என்று வரிசையாக வரும். கடலுக்கு உடல், மடல், திடல் உண்டு. இரண்டாம் எழுத்து மட்டும் ஒத்திருக்கும் கடல், படகு போன்ற ஜோடிகளை ஐந்து வயதைத் தாண்டியவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அதுவரை சொன்னதெல்லாம் சலித்துப்போயிருக்கும்.